பன்னிரண்டு மணிச் சங்கு

ஊரில் குழாய் வறண்டால் முதலில் திட்டு வாங்குவது அவள்தான். தண்ணீர் வாரிய அலுவலகத்தில், மாடிப்படிக்குக் கீழே ஒரு மேசை, இரண்டு தொலைபேசி, ஒரு தடித்த பதிவேடு. முப்பத்தோரு வருடமாக அங்கே உட்கார்ந்து, வருகிற குரல்களை எழுதிக்கொள்வது அவள் வேலை. தண்ணி வரல, கலங்கலா வருது, பக்கத்து வீட்டுல வருது எங்க வீட்டுல மட்டும் வரல. இந்த மூன்றாவது வகைதான் அதிகம் என்பாள். தண்ணீர் வராததைக்கூட மனிதர்கள் பொறுத்துக்கொள்வார்கள், பக்கத்து வீட்டில் வருவதைத்தான் பொறுக்கமாட்டார்கள். அப்படிப் பேசுகிறவர்களிடம் அவள் கோபித்ததே இல்லை. அவர்கள் வயிறு எப்படி எரியும் என்று அவளுக்குத் தெரியும்.

அலுவலகத்தில் அவளுக்கு 'புகார் அக்கா' என்று பெயர். வீட்டில் 'பெரியவ'. ஆறு வருடம் கழித்துப் பிறந்தவள் 'சின்னவ'. சின்னவள் பிறந்த அன்றிலிருந்தே இவள் பெரியவள் ஆகிவிட்டாள். ஆறு வயதில் யாரும் அவளிடம் சம்மதம் கேட்கவில்லை.

சின்னவள் படித்து ஆசிரியையாகி, இப்போது ஒரு தொடக்கப்பள்ளிக்குத் தலைமையாசிரியை. நல்ல குரல். எந்தக் கூட்டத்திலும் யாராவது அவளிடம் மைக்கை நீட்டிவிடுவார்கள். கணவருக்குச் சொந்தமாக மருந்துக்கடை, கார். பெரியவளின் கணவர் லிஃப்ட் மெக்கானிக். நாள் முழுக்க இருட்டுக் குழிக்குள் தலையை விட்டுக்கொண்டு இருப்பவர், அதிகம் பேசமாட்டார். அவர்களுடைய ஒரே மகள் ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கிறாள். அக்காளும் தங்கையும் வாரத்துக்கு இரண்டு தடவை போனில் பேசிக்கொள்வார்கள், சண்டை போட்டதில்லை. பெரியவளின் பொறாமை சத்தம் போடாத வகை. தங்கை புதுத் திரைச்சீலை வாங்கினால் இவள் வீட்டுத் திரைச்சீலை அன்றைக்கே பழசாகத் தெரியும், அவ்வளவுதான். ஆனால் அது ஒரு நாள்கூட விடுப்பு எடுத்ததில்லை.

அவர்களுடைய அப்பாவும் அதே வாரியத்தில்தான் இருந்தார், ஆற்றங்கரை நீரேற்று நிலையத்தில் கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போடுகிற வேலை. அந்தக் காலத்தில் நீராவி எஞ்சின்தான் ஆற்றுத் தண்ணீரை மேட்டுத் தொட்டிக்கு ஏற்றியது. பெரியவளுக்குப் பதினான்கு வயதானபோது மின்சார மோட்டார் வந்தது, கொதிகலனை அணைத்துவிட்டார்கள். அப்பா அம்மா இருவரும் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. பூட்டிக்கிடந்த நிலையத்தை, எஞ்சின் பைத்தியம் பிடித்த சிலர் சங்கம் வைத்துத் துடைத்தெடுத்து, அருங்காட்சியகமாகத் திறந்து எட்டு வருடம் ஆகியிருந்தது. மாதத்தின் முதல் ஞாயிறு கொதிகலனை மூட்டி, எஞ்சினை ஓட்டிக் காட்டுவார்கள். பெரியவள் போனதில்லை. மகள் கூப்பிட்டபோதெல்லாம், நான் பார்க்காததா அங்கே இருக்கிறது என்று தட்டிக்கழித்துவிடுவாள்.

ஒரு முதல் ஞாயிறுக்கு முந்தின வாரம் சின்னவள் போன் செய்து, எல்லோரும் சேர்ந்து அங்கே போகிறோம், மறுப்புச் சொல்லக்கூடாது, உனக்கு ஒன்று காட்டவேண்டும் என்றாள். என்ன என்று சொல்லவில்லை. ஞாயிறு காலை பத்து மணிக்கு மருந்துக்கடைக்காரரின் கார் வாசலில் நின்றது. ஐந்து பேரும் மடியில் சாப்பாட்டுக் கூடையோடு நெருக்கிக்கொண்டு ஏறினார்கள்.

வாசலில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த பெரியவர் சின்னவளைப் பார்த்ததும் எழுந்து நின்றார். "வாங்க டீச்சர். உங்களுக்கு எதுக்கு டிக்கெட், இது உங்க வீடு" என்றார். பின்னால் வந்த நான்கு பேருக்கும் டிக்கெட் கிழித்தார். பெரியவள் தன் டிக்கெட்டை நான்காக மடித்து, எட்டாக மடித்து, இனி மடிக்க முடியாது என்றபோது பைக்குள் போட்டாள்.

உள்ளே செங்கல் சுவர், ஆளுயரத்தைப்போல் மும்மடங்கு உயர ஜன்னல்கள், சூடான எண்ணெயின் வாசனை. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. இவ்வளவு பெரிய இரும்பு இவ்வளவு மெதுவாக, சத்தமே போடாமல் நகரும் என்று பெரியவள் நினைத்ததில்லை. மாடி உயரத்துக்கு ஒரு சக்கரம் தன்பாட்டுக்குச் சுற்றியது. தடித்த தண்டுகள் தரையிலிருந்த ஓட்டை வழியே கிணற்றுக்குள் இறங்குவதும் ஏறுவதுமாக இருந்தன. பித்தளைப் பாகங்களில் முகம் தெரிந்தது. அவள் கணவர் கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்தார், மறுபடி துடைத்தார். "நாங்க பாக்கறதெல்லாம் பொம்மை வேலை" என்றார். அவர் அன்று முழுக்கப் பேசியதில் பாதி அது.

அங்கிருந்து கொதிகலன் கூடம். எட்டிப் பார்த்ததுமே முகத்தில் அனல் அடித்தது. இரண்டு அடுப்புக் கதவுகள், கரிக்குவியல், நீல மேலுடை போட்ட இரண்டு பேர். தரையில் புதிதாக அடித்த ஒரு மஞ்சள் கோடு. பெரியவளின் கால்கள் அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டன. மற்றவர்கள் தாண்டிப் போய்விட்டார்கள்.

"அம்மா, வாங்க, உள்ள விடறாங்க" என்று மகள் கூப்பிட்டாள். அவள் சட்டென்று யாரையும் பார்க்காமல் தாண்டினாள்.

அடுத்த அறைதான் சின்னவள் காட்ட நினைத்த இடம். சுவரில் தொழிலாளர்களின் பழைய புகைப்படம், இரண்டாவது வரிசையில் ஓரமாக அப்பா, கண்ணை இடுக்கிக்கொண்டு. பக்கத்தில் ஒரு கொக்கியில் ஹெட்ஃபோன் தொங்கியது. கீழே ஒரு அட்டை: 'கொதிகலன் தொழிலாளியின் மகள் பேசுகிறார்.' கொட்டை எழுத்தில் சின்னவளின் பெயர். பழைய தொழிலாளர் குடும்பங்கள் நினைவுகளைப் பகிரலாம் என்று செய்தித்தாளில் அறிவிப்பு வந்ததாம். இவள் போய் இருபது நிமிடம் பேசினாளாம். அதில் நான்கு நிமிடத்தை எடுத்துப் போட்டிருக்கிறார்களாம். சொல்லிக்கொண்டே அக்காவின் தலையில் ஹெட்ஃபோனை மாட்டி, முடி சிக்காமல் ஒதுக்கியும் விட்டாள்.

பெரியவள் கேட்டாள்.

"எங்க அப்பாவுக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோறது என்னோட வேலை. பள்ளிக்கூடம் விட்டதும் வீட்டுக்கு ஓடி, டப்பாவை எடுத்துட்டு இங்க ஓடி வருவேன். அப்பா டப்பாவை கொதிகலன் மேல ஒரு இரும்புத் தட்டுல வைப்பாரு, சூடாகும். அங்க செம்பட்டை நிறத்துல ஒரு பூனை தூங்கும். சரியா பன்னெண்டு அடிக்கும்போது அப்பா என்னைத் தூக்குவாரு. மேல ஒரு சங்கிலி தொங்கும். சுடும்னு தன்னோட கைக்குட்டையை என் கையில சுத்திவிடுவாரு. நான் இழுத்தா நீராவிச் சங்கு ஊதும். ஊரே கடியாரத்தைத் திருத்தி வைக்கும்."

முதலில் அவளுக்குக் கோபம் வரவில்லை. தன்னுடைய சட்டையைப் போட்டுக்கொண்டு யாரோ எதிரே நடந்து வருவதைப் பார்ப்பதுபோல் இருந்தது. அப்புறம்தான் காது சூடேறியது.

சாப்பாடு கொண்டுபோனவள் பெரியவள். ஒன்பது வயதிலிருந்து பதினான்கு வயதுவரை, மழையிலும் வெயிலிலும். அம்மா சலவைக்கடையில் வேலைக்குப் போகுமுன் டப்பாவை அடுப்பருகே வைத்துவிட்டுப் போவாள். மதிய இடைவேளையில் இவள் ஓடிப்போய் எடுத்து, ஆற்றங்கரைக்கு ஓடி, திரும்பவும் பள்ளிக்கு ஓடுவாள். தன் பங்கை நடந்துகொண்டே தின்பாள். கொதிகலன் கூடத்தின் வாசலில், மஞ்சள் கோட்டுக்கு வெளியே நிற்பாள். அப்பா கரி படிந்த கையுறையோடு வந்து டப்பாவை வாங்குவார். "போ, போ, இங்க நிக்காத" என்பார். ஐந்து வருடத்தில் அவர் அங்கே பேசியது அவ்வளவுதான். கோட்டைத் தாண்டி ஒரு நாளும் விட்டதில்லை.

அப்படியானால் பூனை, இரும்புத் தட்டு, கைக்குட்டை, சங்கிலி? எல்லாம் பொய். பெரியவள் சொன்ன பொய்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா சின்னவளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆற்றங்கரைச் சாலையில் நடப்பார். பெரியவள் அவர் நடைக்கு ஈடுகொடுத்துப் பக்கத்தில் ஓடுவாள். ஒரே ஒரு தடவை, என்னையும் தூக்குங்கள் என்று கேட்டாள். நீ பெரிய பெண் அல்லவா என்றார். அன்று மாலை சின்னவளுக்குச் சோறு ஊட்டும்போது, அது வாயில் வைத்ததைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு, அப்பா என்னைத்தான் தூக்குவார், உன்னைத் தூக்கமாட்டார் என்று சொல்லிச் சிரித்தது. நாலு வயசு. அதற்கு என்ன தெரியும். ஆனால் பெரியவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்பா என்னைத்தான் சங்கு ஊத விடுவார், உன்னை விடமாட்டார் என்று பதிலுக்கு அடித்துவிட்டாள். சின்னவள் கன்னத்தில் இருந்ததை அப்படியே விழுங்கிவிட்டது.

அதன்பிறகு தினமும் ஒரு வாய்க்கு ஒரு பொய். இன்றைக்குப் பூனை வந்தது, இன்றைக்குக் கைக்குட்டை சுற்றினார். ஊர் முழுக்கக் கேட்கிற சங்கு தினமும் பன்னிரண்டு மணிக்குத் தவறாமல் ஊதி அவளுக்குச் சாட்சி சொன்னது. சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் சின்னவள், "இன்னைக்கும் நீயா ஊதின?" என்று கேட்பாள். கேட்கும்போது உதடு பிதுங்கும். பெரியவளுக்கு அதைப் பார்க்கத்தான் அத்தனை பொய்யும். தன் வயிற்றில் எரிவதில் கொஞ்சத்தை எடுத்து அந்தச் சின்ன வயிற்றில் வைத்துவிட்ட திருப்தி.

அந்தக் கதைதான் இப்போது தங்கையின் குரலில், தங்கையின் பெயரோடு, சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது.

ஹெட்ஃபோனைக் கழற்றிக் கொக்கியில் மாட்டினாள். சின்னவள் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் கலங்கியிருக்கும் என்று எதிர்பார்த்திருப்பாள் போலிருக்கிறது.

"நல்லாப் பேசியிருக்க" என்றாள் பெரியவள்.

மேலே எதுவும் கேட்க நேரமில்லை. டிக்கெட் கிழித்த பெரியவர் கைதட்டிக் கூட்டத்தைக் கூட்டினார். மணி பன்னிரண்டு ஆகப்போகிறது, வழக்கமாகச் சங்கு ஊதுவது சங்கத்து ஆள், இன்றைக்கு ஒரு விசேஷ விருந்தாளி வந்திருக்கிறார், சின்ன வயதில் அப்பாவின் கையிலிருந்து சங்கு ஊதிய அதே மகள் என்று அறிவித்தார். அறுபது எழுபது பேர் இருப்பார்கள். கைதட்டினார்கள். சின்னவள் வேண்டாம் வேண்டாம் என்று கையசைத்துக்கொண்டே இரும்புப் படியில் ஏறினாள். இஸ்திரி மடிப்புக் கலையாத உடையும், படியேறும்போது அதைப் பக்கவாட்டில் ஒதுக்கிப் பிடித்த கையும், எல்லாம் பார்க்க அழகாகத்தான் இருந்தது. அதுவும் பெரியவளுக்குப் பொறுக்கவில்லை.

மேலே சங்கிலி இல்லை. குழாய்த் திருகு மாதிரி ஒரு கைப்பிடி, அதைத் திருக வேண்டும். "அந்தக் காலத்துல சங்கிலி இருந்திருக்கு, பாவிப்பசங்க எடுத்துட்டாங்க" என்று பெரியவர் கூட்டத்துக்கு விளக்கம் சொன்னார். சின்னவள் திருகினாள். சங்கு ஊதியது. தரை அதிர்ந்தது, குழந்தைகள் காதைப் பொத்திக்கொண்டார்கள், மருந்துக்கடைக்காரர் போனை உயர்த்திப் படம் எடுத்தார். நாற்பத்து மூன்று வருடம் கழித்து அவ்வளவு பக்கத்தில் அந்தச் சத்தத்தைக் கேட்ட பெரியவளுக்குத் தோன்றியது ஒன்றே ஒன்றுதான்: நான் பொய் சொன்னேன், இவள் அதை நிஜமாகவே ஊதிவிட்டாள்.

பக்கத்தில் நின்ற கணவரிடம், "சாப்பாடு கொண்டுபோனது நான்" என்றாள்.

"தெரியும். கல்யாணம் ஆன புதுசுல சொல்லியிருக்க."

"அப்ப ஏன் அவ பேசினதைக் கேட்டுட்டு சும்மா நிக்கிறீங்க?"

அவர் யோசித்தார். "நான் எஞ்சினைப் பாத்துட்டு இருந்தேன், அதைக் கேக்கல" என்றார். அது உண்மைதான், அதனால் அவரிடம் மேற்கொண்டு சண்டை பிடிக்க வழியில்லாமல் போயிற்று.

கூட்டம் சின்னவளைச் சூழ்ந்துகொண்டது. பெரியவள் வாசல் பக்கம் போனாள். அங்கே ஒரு சின்ன அறை, கணினி முன்னால் ஓர் இளம்பெண், கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டுக்கொண்டு.

"ஒரு புகார் எழுதணும்" என்றாள் பெரியவள்.

"பாத்ரூம்ல தண்ணி வரலையா மேடம்?"

"தண்ணி வருது. இது வேற."

தான் யார் என்று சொன்னாள். அந்தப் பெண் துள்ளி எழுந்தாள். குரல்களைப் பதிவு செய்வது அவள்தானாம். ஒரு குடும்பத்தில் இரண்டாவது ஆள் கிடைப்பது எவ்வளவு அபூர்வம் என்று சொல்லி, நாற்காலியைத் துடைத்துப் போட்டு, சிகரெட் பெட்டி அளவிலிருந்த ஒரு கருவியை மேசைமேல் வைத்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது. வாழ்நாளெல்லாம் மற்றவர் பேச எழுதிக்கொண்ட பெரியவளுக்கு, தான் பேச வேண்டும் என்றதும் எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. பதிவேட்டில் எழுதுகிற மாதிரியே ஆரம்பித்தாள். எந்த வருடம், எந்த மாதம், எத்தனை மணி, எந்தத் தெரு வழியாக. சாப்பாடு கொண்டுபோனது மூத்த மகள், அதாவது நான். இளையவள் அப்போது குழந்தை. நான்கு நிமிடத்தில் முடித்துவிட்டாள்.

அந்தப் பெண் கேட்டாள்: "அப்ப சங்கு ஊதினதும் நீங்களா மேடம்?"

இங்கேதான் அவள் நிறுத்தியிருக்க வேண்டும். இல்லை என்று சொன்னால் முடிந்தது. ஆனால் இல்லை என்றால், இவளுக்கு என்ன மிச்சம்? ஒரு டப்பா, ஒரு மஞ்சள் கோடு, போ போ என்று ஒரு குரல். கைதட்டல் இன்னும் காதில் இருந்தது.

"ஆமா" என்றாள். "நான்தான்."

"சங்கிலி பத்தி சரியா சொல்ல முடியுமா? எவ்வளவு நீளம், எந்தப் பக்கம் தொங்கிச்சு? உங்க தங்கச்சி சொன்னதை வெச்சுத்தான் புதுசா சங்கிலி மாட்டலாம்னு கமிட்டியில முடிவு பண்ணியிருக்கோம். அடுத்த மாசம் வேலை ஆரம்பம்."

இந்த அளவுக்கு ஒரு கூட்டத்தார் தன் பொய்யை நம்பி இரும்பு வாங்கக் கிளம்புவார்கள் என்று பெரியவள் நினைக்கவில்லை. இருந்தும் அவள் கை தானாக உயர்ந்தது. "இடது பக்கம். இவ்வளவு நீளம்" என்று காற்றில் அளந்து காட்டினாள்.

வெளியே புல்தரையில் மகள் விரிப்பை விரித்து ரொட்டியும் முட்டையும் பழமும் எடுத்து வைத்திருந்தாள். இரண்டு சகலைகளும் ஆளுக்கொரு தட்டோடு எஞ்சினை மறுபடி பார்க்கப் போய்விட்டார்கள், மகளும் படம் எடுக்கக் கூடவே போனாள். கொஞ்ச நேரத்தில் சின்னவள் வந்து எதிரே உட்கார்ந்தாள். பதிவு செய்யும் பெண் மகிழ்ச்சி தாங்காமல் அவளிடம் ஓடிப்போய்ச் சொல்லியிருக்கிறாள் என்பது முகத்திலேயே தெரிந்தது.

"நீயும் சாப்பாடு கொண்டுபோனதா சொன்னியாம்."

"நீயும் இல்ல. நான் மட்டும்தான். நீ ஒரு நாளும் போனதில்ல."

சின்னவள் சிரிக்கப் பார்த்தாள். "எனக்கு நல்லா ஞாபகம் இருக்குக்கா. அந்தப் பூனை கூட கண்ணு முன்னாடி நிக்குது."

"பூனையும் என்னோடதுதான்."

"அக்கா."

"கொதிகலனை அணைச்சப்போ உனக்கு எட்டு வயசு. அதுவரைக்கும் அம்மா உன்னைத் தனியாத் தெருவைத் தாண்ட விட்டிருக்காங்களா, யோசிச்சுப் பாரு."

சின்னவள் யோசித்தாள். அவளுடைய பள்ளிப்பிள்ளைகள் கணக்குப் போடுவதுபோல மடியில் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினாள். ஒரு விரலில் நின்றுவிட்டாள். முகத்தில் இருந்த தலைமையாசிரியை கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிப்போனாள். ஐம்பத்தோரு வயதுப் பெண் தன் கையிலிருந்து ஒரு பொருள் பறிபோவதைப் பார்த்துக்கொண்டு இருப்பது, பெரியவள் காலையிலிருந்து காத்திருந்த காட்சி. வந்தபோது அவள் நினைத்த அளவுக்கு இனிக்கவில்லை.

"அப்ப சங்கு? அதை ஊதினது நீயா?"

ஆமா என்று கருவியிடம் சொல்லி அரை மணி நேரம்கூட ஆகவில்லை. தங்கையிடம் அதே வார்த்தை வாயில் வரவில்லை.

"யாரும் ஊதல" என்றாள் பெரியவள். "என்னை உள்ளயே விட்டதில்ல. வாசல்ல டப்பாவை வாங்கிட்டு விரட்டிடுவாரு. நான் சும்மா உனக்குச் சொன்னது அது. தினமும் சோறு ஊட்டும்போது."

"ஏன் சொன்ன?"

"நீ தோள்ல போனல்ல."

"யாரு தோள்ல?"

பெரியவள் தங்கையை உற்றுப் பார்த்தாள். நடிக்கிறாளோ என்று பார்த்தாள். இல்லை.

"அப்பா தோள்லதான். ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும். ஆத்தங்கரை ரோட்டுல."

"அப்பா என்னைத் தூக்கிட்டுப் போனாரா?" சின்னவளின் குரல் மாறியது. "எனக்கு ஞாபகமே இல்லக்கா. அவர் என்னைத் தூக்கின மாதிரி எனக்கு இருக்கற ஒரே ஞாபகம் அந்தச் சங்குதான்."

பெரியவள் கையிலிருந்த முட்டையை உரிக்காமல் தட்டில் வைத்தாள். இத்தனை வருடம் வயிறெரிந்தது ஒரு காலி வீட்டைப் பார்த்தா? பூட்டைக்கூடப் போடாமல் வீட்டுக்காரி போய்விட்டிருக்கிறாள், இவள் மட்டும் எதிர்த்த வாசலில் உட்கார்ந்துகொண்டு, உள்ளே எவ்வளவு சுகமோ என்று பொருமிக்கொண்டிருந்திருக்கிறாள். நிம்மதி வரவேண்டிய இடம் அது. அவளுக்கு ஏமாந்துபோன மாதிரிதான் இருந்தது.

"எப்படித் தூக்குவாரு?" என்று சின்னவள் கேட்டாள்.

சொல்ல வேண்டாம் என்றுதான் நினைத்தாள். ஆனால் சொன்னாள். நீ அவர் காது இரண்டையும் பிடித்துக்கொள்வாய், வலது காதை இழுத்தால் அவர் வலது பக்கம் திரும்புவார், இடது காதை இழுத்தால் இடது பக்கம். பாலம் வந்ததும் கீழே தண்ணீரைப் பார்க்கப் பயந்து அவர் தலைமுடியில் முகத்தைப் புதைத்துக்கொள்வாய். உன் செருப்பு ஒன்று எப்போதும் விழும், எடுத்துக்கொண்டு நான் பின்னால் வருவேன். இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. சொல்லச் சொல்ல, பத்திரமாக வைத்திருந்த இதையும் எடுத்து அவளிடமே கொடுக்கிறோமே என்று மனசு அடித்துக்கொண்டது. நிறுத்தலாம் என்று பார்த்தால், சின்னவள் கையில் எடுத்த ரொட்டியைக் கடிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

சாப்பிட்டு முடித்ததும் இருவரும் எழுந்து அந்தச் சின்ன அறைக்குப் போனார்கள். பதிவு செய்யும் பெண் முகம் மலர்ந்து வரவேற்றாள். சங்கிலி இல்லை என்று பெரியவள் சொன்னாள். பூனையும் இல்லை என்று சின்னவள் சொன்னாள். அந்தப் பெண் தலைமேல் இருந்த கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"கமிட்டிக்கு நான் என்ன சொல்றது?"

"நாங்க பொய் சொல்லிட்டோம்னு சொல்லும்மா" என்றாள் பெரியவள். 'நாங்க' என்று அவள் சொன்னதைச் சின்னவள் கவனித்தாள்.

பெரியவளின் பதிவில் சங்கு பற்றிய பகுதியை அங்கேயே அழித்தார்கள். டப்பாவும் தெருவும் மஞ்சள் கோடும் மட்டும் மிஞ்சின. சின்னவள், தன்னுடையதை முழுக்க எடுத்துவிடுங்கள், இன்னொரு நாள் வந்து புதிதாகப் பேசுகிறேன் என்றாள். வீட்டுக்குப் போகும் வழியில் காரில் மருந்துக்கடைக்காரர் மட்டும், "என்ன அண்ணி, சத்தத்தையே காணோம், சங்கு காதை அடைச்சிடுச்சா?" என்று ஒரு தடவை கேட்டுப் பார்த்தார்.

மூன்று மாதம் கழித்து ஒரு முதல் ஞாயிறு, கணவர் எஞ்சினைப் பார்க்க வேண்டும் என்றார். அவர் தானாக எங்கேயாவது போகவேண்டும் என்று கேட்டது அதுதான் முதல் தடவை. இருவருமாகப் பேருந்தில் போனார்கள். அவர் சக்கரத்துக்கு முன்னால் நின்றுவிட, பெரியவள் புகைப்படம் இருந்த அறைக்குத் தனியாக வந்தாள்.

இப்போது இரண்டு கொக்கிகள், இரண்டு ஹெட்ஃபோன்கள். ஒன்றின் கீழே 'மூத்த மகள்', இன்னொன்றின் கீழே 'இளைய மகள்'. அவள் கொஞ்ச நேரம் ஓரமாக நின்று யார் எதை எடுக்கிறார்கள் என்று பார்த்தாள். ஒரு கல்லூரிப் பெண் மூத்த மகளை எடுத்தாள், அரை நிமிடத்தில் மாட்டிவிட்டுப் போனாள். இளைய மகளிடம் ஒரு நடுவயதுக்காரர் வந்தார். கேட்டார், சிரித்தார், கடைசியில் மூக்கை உறிஞ்சினார். பிறகு மனைவியைத் தேடிப்பிடித்துக் கூட்டிவந்து அவள் தலையில் மாட்டிவிட்டார். அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் காத்திருந்தார்கள்.

எல்லோரும் போனபிறகு பெரியவள் அதை எடுத்துக் கேட்டாள்.

"நான் சங்கு ஊதினேன்னு ரொம்ப நாள் நம்பிட்டு இருந்தேன். ஊதல. எங்க அக்கா எனக்கு ஒவ்வொரு வாய்ச் சோத்துக்கும் ஒரு பொய் சொல்லி வளர்த்தா. தினமும் இங்க ஓடி வந்தது அவதான். கோட்டுக்கு அந்தப் பக்கம் அவளை விட்டதே இல்ல, அதனால உள்ள என்ன இருக்கும்னு அவளே கட்டினா. எங்க அப்பா என்னைத் தோள்ல தூக்கிட்டுப் போவாராம். அதுவும் எனக்கு ஞாபகம் இல்ல. அக்காவுக்கு ஞாபகம் இருக்கு. அவ சொல்லித்தான் எனக்கு அப்பா இருக்காரு."

முழுக்கக் கேட்டாள். இன்னொரு தடவை கேட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டபோது கணவர் வந்து பக்கத்தில் நின்று, எப்படி இருக்கிறது என்று கேட்டார்.

"இதுலயும் அவதான் நல்லாப் பேசியிருக்கா" என்றாள்.

உட்கார்ந்து கேட்பதற்காக யாரோ ஒரு ஸ்டூலை இளைய மகளுக்குக் கீழே போட்டிருந்தார்கள். மூத்த மகளுக்கு ஸ்டூல் இல்லை. பெரியவள் வாசல் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள், யாரும் வரவில்லை. ஸ்டூலைக் காலால் மெல்லத் தள்ளித் தன்னுடையதற்குக் கீழே கொண்டுவந்து நிறுத்திவிட்டு, கணவரோடு வெளியே போனாள்.